மைதானம் ஓய்வில் இருக்கிறது

நகரப் பொழுதுபோக்கு மையத்தின் கால்பந்து மைதானத்துக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டிய இரும்புக் கதவின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 'மைதானம் ஓய்வில் இருக்கிறது. தொந்தரவு செய்யாதீர்கள்' என்று பச்சை எழுத்தில் எழுதி, கீழே 'செயல்பாட்டு மேலாளர்' என்று போட்டிருந்தது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தார். வாரம் முழுக்க ஊரார் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து கிடக்கிற மனிதர். ஓய்வு என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசைதான்.

அவருக்குப் பின்னால் மொத்த அணியும் நின்றது. அணி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. முடிதிருத்துபவர், பஸ் டிரைவர், கணக்கு வாத்தியார், கண்ணாடிக் கடைக்காரர் என்று நாற்பதைத் தாண்டிய ஆட்கள் ஞாயிறுதோறும் கூடி, அரை மணி நேரம் ஓடி, மீதி அரை மணி நேரம் மூச்சு வாங்குவார்கள். கோல்கீப்பருக்குக் 'கதவு' என்று பெயர். திறந்தே இருப்பார், எந்தப் பந்தும் தாராளமாக உள்ளே போகலாம் என்பதால் வந்த பெயர். அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பூட்டைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் சுண்ணாம்புப் பொடி மூட்டையைத் தோளில் சுமந்தபடி நின்ற மச்சினனின் முகத்தைத்தான் பார்த்தார்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. சுவருக்கு வண்ணம் அடிப்பவன். குடித்துக் குடித்து வேலை போய், கட்டியவளும் கோபித்துக்கொண்டு போய், கடைசியில் அக்கா வீட்டு மாடியறையில் வந்து ஒதுங்கியவன். டாக்டரிடம் போனார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அக்காக்காரி அழுதாள், சத்தியம் வாங்கினாள். எல்லாம் ஒரு வாரம் தாங்கும். இவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வரப் பயந்துதான் மெக்கானிக் ஒரு ஞாயிறு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஓட மூச்சு இல்லை. சரி, உட்கார்ந்திருப்பதற்குக் கோடாவது போடட்டும் என்று கயிற்றையும் பொடியையும் கையில் கொடுத்தார்கள். அவன் போட்ட கோட்டைப் பார்த்துக் கணக்கு வாத்தியார், "இது கோடா, ஆறா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் குடிக்கவில்லை. "கை நடுங்கினா கோடு நேரா வராது மாமா" என்றான். அப்புறம் வெள்ளிக்கிழமையும் விட்டான். அப்படியே பின்னால் பின்னால் போய் வாரம் முழுக்க விட்டான். ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாக வந்து, கயிறு கட்டி, வெறும் புல்லில் ஒரு மைதானத்தை வரைந்து வைப்பான். ஒரு மணி நேரத்தில் இவர்கள் அதை மிதித்து நாசமாக்குவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போடுவான். டாக்டரும் அக்காவும் செய்யாததை அந்தக் கோடு செய்துகொண்டிருந்தது. அதைத்தான் இப்போது பூட்டிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் மெக்கானிக் மேலாளரைப் பார்க்கப் போனார். மடிப்புக் கலையாத சட்டை, இளவயது, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மரியாதை. மேசைக்குப் பின்னால் குடும்பப் படம் மாட்டும் இடத்தில் மைதானத்தின் படம் மாட்டியிருந்தது.

"புல்லும் ஒரு உயிர்தான் சார்" என்றார் மேலாளர். "நாம அதை மிதிக்கிறோம், அது மேல விழறோம், துப்பறோம். என்னைக்காவது புல்லு வந்து உங்க மேல புகார் கொடுத்திருக்கா? நீங்க கொடுக்க வந்திருக்கீங்க."

"புகார் இல்ல சார். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் விளையாடிக்கிட்டிருந்தோம். அதுக்குத்தான் கேக்க வந்தேன்."

"விளையாடுங்க. யாரு வேண்டாம்னா? தலைமை அலுவலகத்துல எங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கறாங்க. ஒண்ணு, மைதானத்தைப் பயன்படுத்தற ஆளுங்க கூடணும். ரெண்டு, புல்லு கெடக் கூடாது. ரெண்டையும் சேத்துப் பாத்தா உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

"ஆளுங்க வரணும். மைதானத்துக்குள்ள வரக் கூடாது. இவ்வளவு சுலபமான விஷயம், இதைப் புரியவைக்கத்தான் நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தொண்டை கட்டப் பேசிக்கிட்டிருக்கேன்."

நகரத்தில் இருக்கிற மைதானங்களுக்குள் சிறந்த புல்தரைக்கு இந்த வருஷம் ஒரு விருது தரப்போகிறார்களாம். மேலாளர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், புல்லுக்குக் கேட்டுவிட்டால் பதற்றமாகிவிடும் என்பது மாதிரி. கடைசியில் ஒரு வழி சொன்னார். பயனாளர் பயிற்சி வகுப்பில் அணி முழுவதும் தேறினால், மைதானத்தைத் தொந்தரவில்லாமல் பயன்படுத்தும் தகுதி கிடைக்கும்.

பயிற்சி வகுப்பு இறகுப்பந்துக் கூடத்தில் நடந்தது. புல்லில் நடப்பது எப்படி என்று ஒரு பயிற்சியாளரம்மா திரையில் படம் காட்டி விளக்கினார். குதிகாலை முதலில் வைக்கக் கூடாது. முன்பாதத்தை வைத்து, யோசித்து, அப்புறம் உடம்பை வைக்க வேண்டும். திரும்பும்போது காலைத் திருகக் கூடாது, மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். பஸ் டிரைவர் முதல் படத்திலேயே தூங்கிப்போனார். கதவு மட்டும் கையைத் தூக்கினார்.

"நான் கோல்கீப்பர் மேடம். பந்து வந்தா பாஞ்சு விழணும். விழலாமா?"

"விழறதுக்கு முன்னாடி தெரிவிக்கணும்."

"யாருக்கு?"

"அலுவலகத்துக்கு. எந்தப் பக்கம் விழப் போறீங்கன்னு சொன்னா, அந்த இடத்துல விரிப்பு போட்டு வைப்போம்."

கதவு யோசித்துப் பார்த்து, தனக்கு அது பிரச்சினை இல்லை, தான் எப்படியும் பந்து போகாத பக்கம்தான் விழுவது வழக்கம் என்றார்.

தேறினார்கள். ஆனால் தேறிய பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. பூட்ஸ் அடியில் முள் இருக்கிறது என்று பூட்ஸ் போனது. வெறுங்காலில் விரல் இருக்கிறது, விரலில் நகம் இருக்கிறது என்று காலுறை வந்தது. சுண்ணாம்பு புல்லைச் சுடும் என்று கோடு போனது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் போய்ப் பேசிப் பார்த்து, சரி, இருப்பதையாவது வாங்கிக்கொள்வோம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். மையத்தில் எல்லாரும் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகப் பேசினால் மெக்கானிக்குக் கோபப்படத் தெரியாது. அது அவருடைய குறை.

கடைசியாகப் பந்தும் போனது. மைதானத்தில் இருப்பவற்றிலேயே புல்லை அதிகமாக அடிப்பது பந்துதான் என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறதாம்.

"பந்து இல்லாம எப்படி சார் விளையாடறது?"

"பந்தை மனசுல வச்சுக்குங்க" என்றார் மேலாளர். "ஆட்டத்துல முக்கியம் ஒழுங்குதானே?"

கேவலம்தான். ஆனாலும் ஆடினார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது என்ற சலிப்பில். கோடு இல்லாத புல்லில், காலுறையோடு, இல்லாத பந்துக்குப் பின்னால் வளர்ந்த மனிதர்கள் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். முடிதிருத்துபவர் காலை வீசிவிட்டு கோல் என்றார். கதவு, தான் பிடித்துவிட்டதாகச் சொல்லி நெஞ்சோடு கையை இறுக்கிக்கொண்டார். நடுவராக இருந்த கணக்கு வாத்தியார் கதவு பக்கம் தீர்ப்புச் சொன்னார். இத்தனை வருஷத்தில் கதவு பிடித்த முதல் பந்து அது. மச்சினன் மட்டும் ஓரத்தில் பொடி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. மெக்கானிக்குக் காலடியில் புல் ஜில்லென்று இருந்தது.

அடுத்த வாரம், காலடித் தடம் தெரிந்ததாகப் புல் பராமரிப்பாளர் சொல்லிவிட்டார். இனிமேல் வேலிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்க்கலாம், அதற்குப் 'பார்வைப் பயன்பாடு' என்று பெயர், அதுவும் பயன்பாட்டுக் கணக்கில் சேரும் என்றார்கள். வாசலில் ஒரு ஊழியர் வருகிறவர்களை எண்ணினார். மையத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் மைதானத்தைப் பயன்படுத்தியதே இல்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வரவில்லை.

"என்னங்க, தம்பி இன்னும் வரல" என்றாள் மனைவி. அவன் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடியில் போட்டாள். பழைய பழக்கம், ஒரு வருஷமாக விட்டிருந்தாள்.

மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே போவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கடைவீதிக் கோடியில் மதுக்கடை, அதற்கு எதிரே பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் பொடி மூட்டை.

"போனியா மாப்ள?"

"இல்ல மாமா."

"அப்புறம் இங்க எதுக்கு?"

"போகாம இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? கோடு போட்ட வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல. அதான் தேடிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து நின்று, இவர்கள் ஏறாததால் முறைத்துவிட்டுப் போனது. அவருக்குப் பயமாக இருந்தது. இவனைத் திட்டலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் நாளைக்குக் காலையில் இவன் கையில் என்னத்தைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மைதானப் பயன்பாட்டு ஆலோசனைக் குழுவின் கூட்டம். பொதுமக்களும் பேசலாம் என்று போட்டிருந்தது. பொதுமக்களாக மெக்கானிக் மட்டும் போயிருந்தார். நீளமான மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், குழுத் தலைவர். தலைவர் எழுந்து நின்று பேசத் தொடங்கினார். எதிரில் ஒரே ஒருவர் இருந்தாலும் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

"இந்த மைதானம் மக்களுடையது. அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மக்களுடைய சொத்து. அதனாலதான் மக்கள்கிட்டேர்ந்து அதைக் காப்பாத்தற பொறுப்பு எங்களுக்கு வந்திருக்கு. நான் இந்தக் குழுவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஒரு தடவை கூட அந்தப் புல்லுல நான் கால் வச்சதில்ல. என்னால இருக்க முடியும்னா எல்லாராலயும் இருக்க முடியும். நாளைக்கு நம்ம பிள்ளைங்க வந்து, நம்ம மைதானம் எங்கப்பான்னு கேட்டா, இதோ, அப்படியே இருக்குன்னு வேலிக்கு வெளிய நின்னு காட்டணும்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் எழுந்தார். வீட்டில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. விளையாட்டு உடம்புக்கு நல்லது, நாங்களும் வரி கட்டுகிறோம் என்றெல்லாம் சொல்ல நினைத்திருந்தார். அதையெல்லாம் சொல்லத் தெம்பில்லை.

"விளையாட்டு வேண்டாம் சார்" என்றார். "பந்து வேண்டாம், ஆளுங்க வேண்டாம். நாங்க யாரும் உள்ள வரல. என் மச்சினனை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை கோடு போட விடுங்க. அவனுக்கு அது போதும். குடிக்காம இருப்பான்."

தலைவர் ஒலிபெருக்கியை மெல்லக் கீழே வைத்தார். விளையாட்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு பொதுஜனம் இந்த அறைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மேலாளர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாள் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் சார். விருதுக்கு வர்றவங்க கோடு இருக்கான்னு கேப்பாங்க. வெறும் புல்லா இருந்தா மைதானம்னு நம்ப மாட்டாங்க. எங்களுக்கும் ஒரு கோடு வேணும். ஆட்டம் வேண்டாத கோடு."

அப்படித்தான் மச்சினனுக்கு வேலை கிடைத்தது. பச்சைச் சட்டை, தொப்பி, கோடு போடுகிற வண்டி, புல்லைச் சுடாத உயர்ந்த ரக பெயின்ட். முதல் ஞாயிறு அவன் போட்ட கோட்டைப் பார்க்க அணி முழுவதும் வேலிக்கு வெளியே வந்து நின்றது. நடுவட்டம் தட்டை வைத்து வரைந்த மாதிரி இருந்தது. கணக்கு வாத்தியார் குறை கண்டுபிடிக்க நினைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, தோற்றுப்போனார். மெக்கானிக் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பையில் பூட்ஸ் கனத்தது.

"நேரா இருக்கா மாமா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"நேரா இருக்கு மாப்ள."

அடுத்த சனிக்கிழமை அவன் சாப்பிடாமல் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கோடு அழியவே மாட்டேங்குது மாமா."

"நல்ல பெயின்ட் ஆச்சே."

"நல்ல பெயின்ட்தான். மிதிக்க ஆள் இல்ல. போன வாரம் போட்டது இன்னிக்குப் போட்ட மாதிரி இருக்கு. இந்த வாரம் போட வேண்டாம்னு மேலாளர் சொல்லிட்டாரு. அடுத்த வாரமும் வேண்டாமாம். இனிமே மழை பேஞ்சா சொல்றேங்கறாரு. நாளைக்கு எனக்கு வேலையே இல்ல."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மெக்கானிக் கையைக் கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மையத்தோடு மல்லுக்கட்டி ஒரு கோட்டை வாங்கினார். அது அழியாத கோடாக இருந்து தொலைத்தது.

வானம் அந்த மாதம் முழுக்கப் பளிச்சென்று இருந்தது. சனிக்கிழமைகளில் மெக்கானிக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு மச்சினனோடு எங்கேயாவது நடந்தார். கடைவீதிக் கோடி வருவதற்கு முன்னால் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிவிடுவார்கள். இது எத்தனை வாரம் ஓடும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

விருதுக்கான ஆய்வுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். மேலாளர் கோட்டுக்கு வெளியே கம்பளம் விரித்து, குடை பிடித்துச் சுற்றிக் காட்டினார். அதிகாரியம்மா புல்லைப் பார்த்தார், பயன்பாட்டு எண்ணிக்கையைப் பார்த்தார், அப்புறம் குனிந்து கோட்டைப் பார்த்தார். பச்சைச் சட்டையோடு நின்ற மச்சினனைக் கூப்பிட்டார்.

"இது நேத்துப் போட்டதா?"

மேலாளர் கண்ணைக் காட்டினார். ஆனால் மச்சினனுக்குத் தன் கோட்டைப் பற்றிப் பொய் சொல்ல வராது.

"இல்ல மேடம். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"இவ்வளவு பேரு பயன்படுத்தற மைதானத்துல ஒரு மாசமா கோடு அழியலையா?" அதிகாரியம்மா மேலாளரைப் பார்த்தார். "அடுத்த மாசம் மறுபடியும் வருவேன். தேய்மானம் தெரியணும். தெரியலன்னா இந்த எண்ணிக்கையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் கேக்க வேண்டியிருக்கும்."

அன்று மத்தியானமே மேலாளர் ஃபிரிட்ஜ் கடைக்கு நேரில் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை கசங்கியிருந்தது. ஓட்டை ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து மெக்கானிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்க ஆளுங்க எங்களுக்கு ஒரு உதவி செய்யணும் சார். கோட்டை அழிக்கணும்."

"துடைப்பத்தால தேச்சா போதுமே."

"பாத்தோம். எல்லாம் ஒரே சீரா தேயுது. பாத்தாலே பொய்னு தெரியுது. இயல்பா அழியணும். அங்கங்க கொஞ்சம், கோலுக்கு முன்னாடி நெறைய. அதுக்குப் பயிற்சி பெற்ற ஆளுங்க நீங்கதான் இருக்கீங்க. பூட்ஸ் போட்டுக்கலாம்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பந்தும் இருந்தா நல்லதுன்னு குழுவுல சொல்றாங்க. ஆனா இது ஆட்டம் இல்ல. கோடு அழிப்புப் பணி. தப்பா நெனச்சுக்கக் கூடாது."

மெக்கானிக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற இடம் எங்கேயோ தேய்ந்துபோயிருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அழிஞ்சா, அடுத்த வாரம் மறுபடியும் போடணும்ல சார்?"

"போட்டுத்தானே ஆகணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு திறந்திருந்தது. கோல்கீப்பரும் சேர்த்துத்தான். பயிற்சியாளரம்மா ஊதல் ஊதிப் பணியைத் தொடங்கி வைத்தார். பந்து நடுவட்டத்தில் உட்கார்ந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மெக்கானிக் பூட்ஸ் காலைப் புல்லில் வைக்கப் போய், முன்பாதத்தை வைத்து, யோசித்தார். கால் கூசியது. சுற்றிலும் பார்த்தார். பஸ் டிரைவரும் முடிதிருத்துபவரும்கூட ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அப்படியேதான் நின்றார்கள். இவ்வளவு நாளில் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பந்தை உதைத்தார். அது நேராகப் போய்க் கதவைத் தாண்டி உள்ளே விழுந்தது. கதவு வழக்கம்போல எதிர்ப்பக்கம் பாய்ந்து கிடந்தார்.

அதற்குப் பிறகு ஓடினார்கள். விழுந்தார்கள், மூச்சு வாங்கினார்கள், கோலா இல்லையா என்று சண்டை போட்டார்கள். வேலி ஓரத்தில் மேலாளர், தேய்மானம் போதுமா என்று கவலையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கோடு மங்கி, பெனால்டி கட்டத்தின் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது.

தண்ணீர் குடிக்க மெக்கானிக் ஓரத்துக்கு வந்தார். மச்சினன் பச்சைச் சட்டையில், வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தன் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையை மெக்கானிக் பார்த்தார். அது அசையாமல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் நல்லா அழிங்க மாமா" என்றான். "மூலைக் கோடு அப்படியே இருக்கு. சனிக்கிழமைக்குள்ள எனக்கு வேலை வேணும்."

மெக்கானிக் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மூலையைப் பார்க்க ஓடினார்.